மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்

அமெரிக்காவின் மெட்டாலிகா குழு 1986 மார்ச் 3 அன்று வெளியிட்ட மூன்றாவது ஆல்பம். திராஷ் மெட்டல் இசையின் உச்சப் படைப்புகளுள் ஒன்று. எட்டுப் பாடல்கள் கொண்டது, கோபன்ஹேகனில் ஒலிப்பதிவானது. பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் வாசித்த கடைசி ஆல்பம். அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் அவர் இறந்தார்.

அசுர வேகக் கிட்டாரும் மெல்லிசை இடைப்பகுதிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது இதன் தனிச்சிறப்பு. போதை, போர், மதவணிகம் என மனிதரை ஆட்டிப்படைக்கும் சக்திகளைப் பாடுவதால் இது இன்றும் பழசாகவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பேரேட்டில் இடம்பெற்ற முதல் மெட்டல் ஆல்பம் இதுவே. பெங்களூரு அரண்மனை மைதானத்தில், 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகா குழு இந்தியாவில் முதன்முறையாக மேடையேறியது. 2022இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடர் இந்த ஆல்பத்தின் தலைப்புப் பாடலைப் புதிய தலைமுறையிடம் கொண்டுசேர்த்தது.