மின்னஞ்சலில் தலைப்புக் குறிகள்

எச்.டி.எம்.எல் மொழியின் தலைப்புக் குறிகள் (எச்1 முதல் எச்6 வரை), டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் வெளியிட்ட பட்டியலிலேயே இடம்பெற்றன. 1992-இல் வந்த மைம் நெறிமுறை, வெறும் எழுத்தாக இருந்த மின்னஞ்சலில் பிற வடிவங்களுக்கும் வழி செய்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல் சென்னையில் இணையச் சேவை தொடங்கியபோது, மாணவர் கணக்குகளில் எழுத்து மட்டுமே தெரிந்தது.

பின்னர் எச்.டி.எம்.எல் மடல்கள் பரவின. ஆனால் தலைப்பின் அளவும் இடைவெளியும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறின. அவுட்லுக் 2007, வேர்டு முறையில் மடலைக் காட்டியதால் சிக்கல் கூடியது. வடிவமைப்பாளர் பலர் குறியை விட்டுவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினர். கண்ணுக்கு அது தலைப்பு. திரைவாசிப்பானுக்கோ சாதாரண வரி. திருவொற்றியூரில் பார்வையற்ற மாணவர் ஒருவர் தேர்வு அறிவிப்பைப் பெற்றால், தேதி உள்ள பகுதிக்குத் தாவ முடியாமல் முழு மடலையும் கேட்க வேண்டும்.

தீர்வு எளிது: குறியைக் கைவிடாமல், எழுத்தளவையும் இடைவெளியையும் அக்குறிக்குள்ளேயே எழுதிவிட வேண்டும்.