யாருக்குத் துடக்கு?
5பி வார்டின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

எமது சந்திப்பொன்றில் எயிட்ஸ் பற்றிப் பேச்சு வந்தபோது நண்பரொருவர், "அது டொக்டர்மாரின் விசயம், எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது" என்று முடித்துவிட்டார். டொக்டர்மாரின் விசயமாக மட்டும் அது ஒருபோதும் இருந்ததில்லை என்பதே எனது அபிப்பிராயம். 1996 அளவில் கூட்டு மருந்துச் சிகிச்சை வரும்வரை, நோயாளியின் மரணத்தைத் தடுக்க மருத்துவத்தின் கையில் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. இருந்தது பராமரிப்பு. அதைச் செய்தவர்கள் தாதியர். எயிட்சின் வரலாறென்று நாம் வாசிப்பவற்றில் வைரசைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைக்கும் பக்கங்கள் இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

1981 யூன் 5 அன்று, லொஸ் ஏஞ்சல்சில் ஐந்து இளைஞர்களுக்கு ஏற்பட்ட அபூர்வமான நுரையீரல் அழற்சி பற்றிய அறிக்கை வெளியானது. அதன்பின் வந்த இரண்டு ஆண்டுகளில் நோயைவிட வேகமாகப் பரவியது அச்சம். சாப்பாட்டுத் தட்டை அறைவாசலில் வைத்துவிட்டுப் போன ஊழியர்கள் இருந்தார்கள். முகமூடியும் கையுறையும் மேலங்கியும் இல்லாமல் எவரும் உள்ளே போகமாட்டார்கள். மனித முகமொன்றைக் காணாமலே பலர் செத்தார்கள். 1983இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வைரசை இனங்கண்டார்கள். தொடுவதால் இது தொற்றாது என்பதும் அவ்வாண்டிலேயே தெளிவாகியிருந்தது. ஆனால் அறிவு வந்த கையோடு கை நீண்டுவிடவில்லை.

1983 யூலையில் சான் பிரான்சிஸ்கோ பொது வைத்தியசாலையில் 5பி என்ற வார்டு திறக்கப்பட்டது. 12 கட்டில்கள். ஒழுங்கமைத்தவர் கிளிஃப் மொரிசன் என்ற தாதி. நோயாளரை ஒரிடத்தில் சேர்ப்பது பழைய குஷ்டரோக ஆஸ்பத்திரியைத் திரும்பக் கட்டுவதாகாதா என்ற ஐயம் நியாயமானதே. அதற்கு அவர்கள் கண்ட விடை, அங்கு வேலைசெய்வோர் அனைவரும் தாமாக விரும்பி வந்தவர்களாக இருக்கவேண்டும் என்பது. அவர்கள் நோயாளியின் கையைப் பிடித்தார்கள், கட்டிலில் அமர்ந்தார்கள், அணைத்தார்கள். இரத்தம் எடுக்கையில் கையுறை, கதைக்கையில் வெறுங்கை. இன்று இது சாதாரணம். அன்று அதே வைத்தியசாலைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது.

இதைக் கருணையின் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. 2018இல் வந்த ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள் பலரும் அப்படியே பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹார்வி மில்க் 1977இல் தேர்தலில் வென்று, அடுத்த ஆண்டே சுட்டுக் கொல்லப்பட்ட நகரம் அது. சமபாலுறவாளர் அங்கு வாக்குப்பலமுள்ள அரசியற் சக்தியாகத் திரண்டிருந்தார்கள். நகரசபை பணம் ஒதுக்கியது. சாந்தி என்ற அமைப்பின் தொண்டர்கள் வார்டுக்குள் வந்து ஆற்றுப்படுத்தினார்கள். அந்தத் திரட்சி இல்லாத ஊர்களிலும் கருணையுள்ள தாதியர் இருந்திருப்பார்கள், 5பி இருக்கவில்லை.

அவ்வார்டு செய்த பெரிய காரியமாக நான் கருதுவது வேறொன்று. வைத்தியசாலை விதிப்படி பார்வையாளர் என்றால் இரத்த உறவு, அல்லது சட்டப்படியான துணை. பத்து வருசம் கூட வாழ்ந்தவன் வெளியே நிற்க, பத்து வருசமாக முகம் பாராத தகப்பன் உள்ளே போகலாம். 5பியில் அதை மாற்றினார்கள். தன் குடும்பம் யாரென்று நோயாளியே சொல்லலாம். பார்வை நேரமும் தளர்த்தப்பட்டது. மகனின் நோயையும் அவன் யாரென்பதையும் ஒரே நாளில் அறிந்த தாய்மார், முன்பின் அறியாத அவனுடைய துணைவனோடு கட்டிலின் இரு பக்கமும் அமரவேண்டியிருந்தது. இடையில் நின்றவர்கள் தாதியர்தான்.

செத்த பிறகு? கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர், சமூகம் அங்கீகரிக்காத துக்கம் பற்றி 1989இல் ஒரு நூலைக் கொண்டுவந்தார். அழுவதற்கு உரிமையற்றவரின் துக்கம் அது. நமக்கு இதைப் புரிய நூல் தேவையில்லை. நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் சாவுக்கு லீவு தாய், தகப்பன், மனைவி, பிள்ளைக்குத்தான். என்னை வளர்த்த பெரியம்மா செத்த இரவு நான் வழமைபோல மெசினில் நின்றேன்.

1985 நவம்பர் 27 அன்று, மில்க் நினைவாக நடந்த மெழுகுதிரி ஊர்வலத்தில், எயிட்சால் இறந்தோரின் பெயர்களை அட்டைகளில் எழுதுமாறு கிளீவ் ஜோன்ஸ் கேட்டுக்கொண்டார். அவற்றை அரச கட்டிடமொன்றின் சுவரில் ஒட்டியபோது அது ஒட்டுத்துணிப் போர்வைபோலத் தெரிந்தது. 1987 ஒக்டோபர் 11 அன்று வொஷிங்டன் புற்றரையில் 1,920 துணிகள் விரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஆறடி நீளம், மூன்றடி அகலம். ஒரு புதைகுழியின் அளவு. பெயர்கள் உரத்து வாசிக்கப்பட்டன. சிலவற்றில் முதற்பெயர் மட்டும்தான். குடும்பம் முழுப்பெயரை அனுமதிக்கவில்லை.

அந்தக் குடும்பங்களை நான் குறைசொல்ல முடியாது. சில வருசங்களுக்கு முன் எங்களூர்ப் பொடியன் ஒருவன் இந்நோயால் இங்கு இறந்தான். சிகிச்சை இருந்த காலம். வெட்கத்தில் பிந்திப் போனான். தமிழ் படிப்பித்தவன் என்பதால் மரண அறிவித்தல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. "திடீர் சுகவீனம்" என்று எழுதினேன். அண்ணன், அக்கா, மைத்துனர், பெறாமக்கள் எல்லோருடைய பெயரும் வந்தன. கடைசி எட்டு மாதமும் அவனைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, இரவில் விழித்திருந்த சிநேகிதனுடைய பெயர் வரவில்லை. குடும்பம் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. செத்தவீட்டில் அவன் கடைசி வரிசைக் கதிரையில் இருந்தான். கிரியை முடிந்ததும் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்ததும் அவன்தான்.