‘எவ்வளவு’ என்ற சொல்லின் இயந்திர வரலாறு

ரேடியோவால் இயங்கும் சிறு டிரக்குகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் தொடங்குகிறது: உச்ச வேகம் என்ன? ஆயின் அவற்றின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், பொறியாளர்களை நெடுங்காலம் அலைக்கழித்த சிக்கல் மெதுவாகச் செல்வதே என்பது புலப்படும். மோட்டாரை முழு வீச்சில் ஓடவிட ஒரு சுவிட்ச் போதும். அதையே பாதியளவில் ஓடவைப்பதற்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

1890களின் நடுவில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் கம்பியில்லா அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். 1898இல் நிக்கோலா டெஸ்லா, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சிறு படகொன்றை அலைகளால் இயக்கிக் காட்டினார். இரண்டிலும் அலை சுமந்து சென்றது ‘செய்’ என்னும் ஏவலை மட்டுமே. இலக்கண வழக்கில் சொன்னால், வினை இருந்தது. ‘எவ்வளவு’ என்பதைச் சொல்லும் அடை இல்லை.

அந்த அடை 1960களில் பரவலாக வந்து சேர்ந்தது. விரல் நகரும் அளவுக்கேற்பக் கருவியும் நகரும் விகிதமுறைக் கட்டுப்பாடு அப்போது பொழுதுபோக்காளர்களின் கைக்கு எட்டியது. ஏறத்தாழ 1 மில்லி விநாடி முதல் 2 மில்லி விநாடி வரை நீளும் துடிப்பே அதன் மொழியாக நிலைபெற்றது, 1.5 மில்லி விநாடி என்றால் நடுநிலை.

ஆனால் செய்தி நுட்பமானதாலேயே வண்டியும் நுட்பமாகிவிடவில்லை. 1981இல் ஜப்பானின் டாமியா நிறுவனம் வெளியிட்ட டொயோட்டா பிக்கப் டிரக்கில், சர்வோவால் திருப்பப்படும் உலோகத் தொடுமுனையும் மின்தடையும் கொண்ட வேகக் கட்டுப்பாடு இருந்தது. விரல் எத்தனை மென்மையாக அசைந்தாலும் மோட்டாருக்குக் கிடைத்தவை சில படிகளே. குறைந்த வேகத்தில் மின்கல ஆற்றலின் ஒரு பங்கு மின்தடையில் வெப்பமாக வீணாயிற்று. மேட்டில் ஏறும்போது மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தைக் கேட்கும். அப்போது மின்தடை விழுங்கும் மின்னழுத்தமும் மிகும். வலிமை தேவைப்படும் கணத்திலேயே வண்டி தளர்ந்தது. அதே டிரக்கில் மூன்று கியர்கள் இருந்ததை இந்தப் பின்னணியில் வைத்து வாசிக்க வேண்டும். மின்சாரத்தால் எட்ட முடியாத மெதுவேகத்தைப் பற்சக்கரங்கள் தந்தன.

‘த்ராட்டில்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் ‘தொண்டை’. அதன் பழம்பொருள் குரல்வளையை நெரித்தல். 1788இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தில் பொருத்திய சுழல் குண்டு ஆளி நெரித்தது நீராவியின் தொண்டையை. மின்தடை நெரித்தது மின்னோட்டத்தை. அதுவரை சொல்லும் செயலும் ஒத்திருந்தன.

மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர்களைக் கொண்ட மின்னணு வேகக் கட்டுப்படுத்திகள் இந்த ஒப்புமையை முறித்தன. அவை எதையும் நெரிப்பதில்லை. விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை முழுமையாகத் திறந்து முழுமையாக மூடுகின்றன. ‘பாதி ஆற்றல்’ என்பது பாதி நேரம் திறந்திருத்தல் மட்டுமே. டெஸ்லா காலத்து ஆம், இல்லை என்னும் இருமையிலிருந்து தப்பி வந்த ‘எவ்வளவு’, மீண்டும் அதே இருமையின் அதிவேக அடுக்காக மாறிற்று. சொல் மட்டும் பழைய தொண்டையைச் சுமந்து நிற்கிறது.

இன்று முடிவெடுக்கும் இடமும் மாறிவிட்டது. டிராக்ஸஸ் டிரக்குகளின் பயிற்சி நிலையில், சிறுவன் விசையை முழுதாக அழுத்தினாலும் 50 விழுக்காடே கிடைக்கும். லித்தியம் பாலிமர் மின்கலம் 4.2 வோல்ட்டில் நிறையும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெடும். ஆகவே அதற்கு முன்பே கட்டுப்படுத்தி ஆற்றலைக் குறைத்துவிடுகிறது. பழைய தொடுமுனையின் கரியைக் கண்ணால் கண்டு, உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்ய முடிந்தது. இன்றைய வரம்புகள் நிரலுக்குள் மறைந்திருக்கின்றன.

தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர்க்கு இது சிறிய செய்தியன்று. பொருள்களின் உடலைக் காட்சிக்கூடங்களில் காக்கிறோம்; உச்ச வேகத்தைக் குறிப்பேட்டில் பதிகிறோம். அதை இயக்கியவர் எவ்வளவு போதும் என்று வகுத்துக்கொண்ட எல்லை மின்கலத்தோடு அழிந்துபோகிறது. ஒரு கருவியை ஆவணப்படுத்தும் மாணவர்கள், அதனால் என்ன இயலும் என்பதோடு, அது என்ன செய்யாதபடி யார் தடுத்து வைத்திருந்தார் என்பதையும் ஒரு வரி எழுதி வைக்கட்டும்.