கடல் கடந்து வந்த கீசகன்

தஞ்சோங் கிளிங் என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒரு வரலாறு அடங்கிக் கிடக்கிறது. தஞ்சோங் என்றால் கடல்முனை. கிளிங் என்பது தென்னிந்தியரைக் குறிக்க மலாய் மக்கள் வழங்கிய பழஞ்சொல்; கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரின் திரிபென்பர் அறிஞர். மலாக்காவுக்குக் கப்பலேறி வந்தவர்கள் மறைந்தனர், பெயர் நிலைத்தது. அவ்வாறே பெயர் மட்டும் எஞ்சி, பொருள் அழிந்துபோன தமிழர் முயற்சி ஒன்றுண்டு. அதுவும் கடல் கடந்து இம்மண்ணுக்கு வந்ததே.

வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார் (1885–1971) கலைஞராகத் தொழில் தொடங்கியவர் அல்லர். உறவினர் ஒருவருடன் கூட்டாகச் சென்னையில் மிதிவண்டி வணிகம் செய்தார். பின்னர் அமெரிக்க மோட்டார் வண்டிகளை விற்றார். தாதா சாகிப் பால்கேயின் புராணப் படங்களைக் கண்டபோது, தாமும் படமெடுக்க வேண்டும் என்னும் வேட்கை அவருள் மூண்டது. கர்சன் பிரபுவைப் படம் பிடித்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் புனாவில் ஒளிப்பதிவின் அடிப்படைகளைக் கற்றார். 1917-ஆம் ஆண்டில் வணிக நண்பர்கள் முதலீடு செய்ய, இந்தியா பிலிம் கம்பெனி உருவாயிற்று. தென்னிந்தியாவின் முதல் திரைப்படத் தயாரிப்பு நிறுவனம் அதுவே.

புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் அமைந்த அப்படப்பிடிப்பு நிலையத்தில் இன்றுள்ள மின்விளக்கு வசதிகள் இல்லை. மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதன்வழி வடியும் கதிரொளியிலேயே படம் பிடித்தனர். படச்சுருளைக் கழுவும் பணியோ பெங்களூரில் நடந்தது. குளிர்ந்த தட்பவெப்பம் அதற்கு வேண்டியிருந்ததால், முதலியார் வாரந்தோறும் அங்குச் சென்று வந்தார்.

கதை தேர்வதற்கு நாடகப் பேராசான் பம்மல் சம்பந்த முதலியார் துணைநின்றார். நாடக மேடையில் பெண் வேடத்திற்குப் புகழ்பெற்ற வழக்கறிஞர் ரங்கவடிவேலு நடிகர்களைப் பயிற்றுவித்தார். இவ்வாறு எழுந்ததே 'கீசக வதம்'. படப்பிடிப்பு 35 நாள்களில் முடிந்தது. ஏறத்தாழ 6,000 அடி நீளமுள்ள அவ்வூமைப்படத்திற்குச் செலவு 35,000 ரூபாய்; வரவு 50,000 ரூபாய். இந்தியாவில் மட்டுமன்றிப் பர்மா, இலங்கை, மலாய் கூட்டு மாநிலங்கள், சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் அது திரையிடப்பட்டது.

இங்கேதான் நாம் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். படத்தின் இடையிடையே தமிழ், ஆங்கிலம், இந்தி எழுத்துகளில் விளக்கங்கள் காட்டப்பட்டன. எழுத்தறியாத் தோட்டப் பாட்டாளி ஒருவர் பட்டணம் சென்று அதனைக் கண்டிருந்தாலும், கதை அவருக்கு விளங்கியிருக்கும். திரௌபதியம்மன் கூத்தைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கீசகன் அந்நியன் அல்லனே! தமிழ்த் திரையின் முதல் இலாபத்தில், கடல் கடந்த தமிழரின் வியர்வைக் காசுக்கும் பங்குண்டு என்பது மறக்கத்தக்கதன்று.

தொடர்ந்து 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'லவ குசா', 'மார்க்கண்டேயா' முதலிய படங்களையும் முதலியார் எடுத்தார். ஆயின் தீ விபத்தும் மகனை இழந்த துயரமும் அவரை வீழ்த்தின. 1923-இல் திரைத்தொழிலினின்று விலகினார். அவர் எடுத்த படங்களுள் ஒன்றேனும் இன்று கிடைப்பதாகத் தெரியவில்லை. 'கீசக வதம்' வெளியான ஆண்டு 1917 என்பாரும் 1918 என்பாரும் உளர். போற்றிக் காக்காத செல்வத்தின் கதி இதுவே.

இந்நாட்டிலும் தமிழ்ப்படம் எடுக்கத் துணிந்த சிறு குழுக்கள் பலவுண்டு. தீபக் குமரன் மேனன் 2005-இல் 'செம்மண் சாலை'யைத் தந்தார். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-இல் வெளிவந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. இவற்றைக் கண்டு மகிழ்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. படச்சுருள், சுவரொட்டி, கணக்கேடு, கடிதம் ஆகியவற்றைத் திரட்டிக் காத்தல் வேண்டும். ஊர்ப்பெயரைக் காக்க ஊரார் நாவே போதும். கலைப்படைப்பைக் காக்க நம் கைகள் வேண்டும்.