காணொளிக் கூட்ட மென்பொருள் பாதுகாப்பின் வரலாறு

காணொளிக் கூட்ட மென்பொருள் என்பது வெவ்வேறு இடங்களில் இருப்போர் கணினி வழியாக ஒருவரையொருவர் பார்த்துப் பேச உதவும் மென்பொருளாகும். நெடுங்காலம் தனி அறையும் தனிக் கருவியும் தேவைப்பட்ட இவ்வசதி, 2020-இல் கொரோனா பெருந்தொற்றின்போது சாதாரண அலுவலகக் கணினிகளிலும் வீட்டுக் கணினிகளிலும் பரவியது. அதன் பாதுகாப்புக் குறைகளைப் பொதுமக்கள் பரவலாக அறிந்ததும் அப்போதுதான். ஜூம் மென்பொருளின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

தொடக்கக் காலம்

அமெரிக்காவின் ஏடி&டி நிறுவனம் 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் பிக்சர்ஃபோன் என்னும் படத் தொலைபேசியை அறிமுகப்படுத்தியது. 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் அதன் வணிகச் சேவை தொடங்கியது. கட்டணம் மிகுதியாக இருந்ததால் அது பரவவில்லை. 1992-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான சியூ-சீமீ, மேசைக் கணினியிலேயே படத்துடன் பேச வழிசெய்தது. 2003-இல் வெளியான ஸ்கைப் பின்னர் காணொளி அழைப்பையும் சேர்த்துக்கொண்டது.

எளிமையும் குறையும்

வெப்எக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய எரிக் யுவான், 2011-இல் ஜூம் நிறுவனத்தைத் தொடங்கினார். 2013-இல் மென்பொருள் வெளிவந்தது. ஓர் இணைப்பைச் சொடுக்கினாலே கூட்டத்தில் சேரலாம் என்பதே அதன் சிறப்பு. அந்த எளிமையே குறைக்கும் காரணமாயிற்று.

சஃபாரி உலாவி ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்பதைத் தவிர்ப்பதற்காக, ஜூம் மேக் கணினிகளில் சிறிய வலை வழங்கி ஒன்றையும் சேர்த்து நிறுவியது. ஜூமை நீக்கிய பிறகும் அது கணினியில் தங்கியது. தீய நோக்குடைய ஒரு வலைப்பக்கம், பயனரின் ஒப்புதலின்றி அவரைக் கூட்டத்தில் சேர்த்து, கேமராவை இயக்கவும் முடிந்தது. 2019 சூலையில் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் இதை வெளிப்படுத்தினார். ஆப்பிள் நிறுவனமே இற்றைப்படுத்தல் மூலம் அந்த வழங்கியை அகற்றியது.

2020-ஆம் ஆண்டு நிகழ்வுகள்

2019 திசம்பரில் நாளொன்றுக்கு அதிகபட்சம் 1 கோடியாக இருந்த கூட்டப் பங்கேற்பு, 2020 மார்ச்சில் 20 கோடியைக் கடந்ததாக ஜூம் அறிவித்தது. பெரிய நிறுவனங்களின் கணினிப் பிரிவுகளுக்காக உருவாக்கப்பட்ட மென்பொருளை, அத்தகைய உதவி எதுவும் இல்லாத ஆசிரியர்களும் எழுத்தர்களும் தாங்களே நிறுவிக்கொண்டனர்.

கூட்ட எண் மட்டும் தெரிந்தால், கடவுச்சொல் இல்லாத கூட்டத்தில் எவரும் நுழைய முடிந்தது. மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளி ஒன்றின் வகுப்பில் நுழைந்த அடையாளம் தெரியாத ஒருவர், தகாத சொல் பேசி, ஆசிரியரின் வீட்டு முகவரியையும் கூவினார். மார்ச் 30 அன்று எஃப்.பி.ஐ. இதைச் சுட்டி எச்சரிக்கை விடுத்தது. மறுநாள் பிரித்தானியப் பிரதமர் போரிஸ் ஜான்சன் வெளியிட்ட அமைச்சரவைக் கூட்டப் படத்தில் கூட்ட எண்ணும் தெரிந்தது. ஜூம் கூறிக்கொண்டதுபோல் முழுமையான முனைக்கு முனை மறையாக்கம் அதில் இல்லை என்பதும் அதே வேளையில் வெளியாயிற்று.

கடவுச்சொல், காத்திருப்பு அறை ஆகிய இரண்டும் ஜூமில் முன்பே இருந்தன. ஆனால் பலர் அவற்றை இயக்கியிருக்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் இலவசக் கணக்குகள் உள்ளிட்டவற்றில் இவ்விரண்டையும் ஜூம் இயல்பாகவே இயங்கச் செய்தது. புதிய வசதிகளை 90 நாள் நிறுத்திவைத்துப் பாதுகாப்பில் கவனம் செலுத்துவதாகவும் அறிவித்தது.

இந்திய அரசின் அறிவுரை

2020 ஏப்ரலில் இந்திய உள்துறை அமைச்சகம், ஜூம் பாதுகாப்பான தளம் அன்று எனவும், அரசு அலுவலர் அதனை அலுவல் பணிக்குப் பயன்படுத்தலாகாது எனவும் அறிவித்தது. தனியார் பயனர்களுக்கு அது கூறிய வழிமுறைகளுள் சில:

* ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிய எண்ணும் கடவுச்சொல்லும் அமைத்தல்
* காத்திருப்பு அறையை இயக்குதல்
* நடத்துநர் வருமுன் பிறர் சேர்வதைத் தடுத்தல்
* திரைப் பகிர்வை நடத்துநருக்கு மட்டும் அளித்தல்
* அனைவரும் சேர்ந்தபின் கூட்டத்தைப் பூட்டுதல்
* நடத்துநர் தாம் மட்டும் வெளியேறாமல் கூட்டத்தையே முடித்தல்

இவற்றுள் எதற்கும் தனிக் கருவியோ செலவோ தேவையில்லை. அமைப்புகளைச் சரிபார்த்தாலே போதும்.

பிற்கால மாற்றங்கள்

மறையாக்கம் குறித்துப் பயனர்களைத் தவறாக வழிநடத்தியதாகவும், மேக் கணினிகளில் மறைவாக வழங்கியை நிறுவியதாகவும் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2020 நவம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, விரிவான பாதுகாப்புத் திட்டத்தைச் செயல்படுத்த ஜூம் ஒப்புக்கொண்டது. அதற்கு முந்தைய மாதம் முனைக்கு முனை மறையாக்கமும் அறிமுகமானது. அதை இயக்கினால் மேகப் பதிவு போன்ற சில வசதிகள் கிடைக்கா. ஆகவே அது இயல்பாக இயங்குவதில்லை. பயனரே தேர்ந்தெடுக்க வேண்டும்.