உறைக் கருவியும் உட்கருவியின் தேர்வுகளும்

மூலநிரலை இயங்கத்தக்க வடிவமாக்கித் தரும் கட்டுமான மென்பொருள்கள் அநேகமாக அந்தக் காரியம் முழுவதையும் தாமே செய்வதில்லை. முன்னரே உள்ள வேறொரு கருவியை உள்ளே வைத்துக்கொண்டு, அதன் பிரயோகத்தை எளிதாக்கும் உறையாக நிற்கின்றன. அவ்வுட்கருவிக்கு உரிய தேர்வுகளுள் எவற்றை, எவ்வழியாகப் பயனரின் கைக்கு எட்டச் செய்வது என்பதே இங்கு விவரிக்கப்படும் விஷயம்.

இதற்குச் சிறந்த உதாரணம் டெபியன் இயங்குதளத்தின் பொதிகளைக் கட்ட உதவும் டெப்ஹெல்பர் என்னும் கருவித்தொகுப்பு. ஜோயி ஹெஸ் தொடங்கிய டெப்ஹெல்பரிலுள்ள 'டிஎச் ஆட்டோ கான்ஃபிகர்' என்னும் கட்டளை, மூலநிரல் ஆட்டோகான்ஃபைச் சார்ந்ததா, சிமேக்கைச் சார்ந்ததா, மீசானைச் சார்ந்ததா என்று தானே கண்டறிந்து, எவ்வெக் கோப்பு எங்கே நிறுவப்பட வேண்டும் என்னும் டெபியன் நியதிகளை அந்தக் கட்டுமானக் கருவிக்கு அளிக்கிறது. பொதி கட்டுபவர் இரட்டைக் கோடிட்டு அதன்பின் எழுதுவதெல்லாம், உறையால் பெயர் மாற்றப்படாமல், உட்கருவியிடம் அப்படியே சென்று சேர்கிறது. அவை உறையின் சொந்தத் தேர்வுகளுக்குப் பின்னால் வைக்கப்படுவது மிக முக்கியம். ஒரே தேர்வு இருமுறை வந்தால் பிந்தியதே நிலைக்குமாதலால், பயனரின் விருப்பமே மேலோங்குகிறது. இதற்கு மாறாக, ஒவ்வொரு தேர்வுக்கும் உறை தன் சொந்தப் பெயரிட முற்பட்டால், உட்கருவி வளருந்தோறும் உறையும் திருத்தப்பட வேண்டும். அத்திருத்தம் தாமதிக்கும் காலமெல்லாம் புதிய வசதிகள் எட்டாமலே கிடக்கும்.

சிறு சாதனங்களுக்கு லினக்ஸ் கட்டித் தரும் பில்ட்ரூட் இரு வழிகளையும் கையாளுகிறது. கெர்னல், பிஸிபாக்ஸ் ஆகியவற்றின் தேர்வுப் பட்டியல்களை அவற்றின் சொந்த வடிவிலேயே திறந்து காட்டும் அது, மொழி போன்ற சிலவற்றைத் தன் பட்டியலில் வைத்துக்கொள்கிறது. அங்கே வேண்டாத மொழித்தரவுகளை நீக்குவதே இயல்புநிலை. விலக்குப் பெற்று நிற்க முன்குறிக்கப்பட்டவை 'சி' என்னும் பொதுநிலையும் அமெரிக்க ஆங்கிலமுமே. தெருப் பெயர்ப் பலகைகள் தமிழிலும் பிரெஞ்சிலும் விளங்கும் புதுச்சேரியில் நிறுவ ஒரு தகவல் சாதனம் கட்டப்படுமாயின், மொழிபெயர்ப்பு ஆதரவை இயக்கி, அவ்விரு மொழிகளையும் அந்த விலக்குப் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். இல்லையேல், தன்னார்வலர்கள் அரும்பாடுபட்டு ஆக்கிய தமிழ்ச் செய்திகள் கட்டுமானத்தின்போதே களையப்பட்டுவிடும். எங்கோ ஒருவருக்கு உகந்ததாயிருந்த முடிவே இயல்புநிலையாகிறது; ஆதலால் அதை மாற்றும் இடம் பயனரின் கண்ணுக்குத் தெரியும்படி இருத்தல் மிகவும் அவசியம்.

வழியே விடாத உறையும் உண்டு. 2016-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட 'கிரியேட் ரியாக்ட் ஆப்', உள்ளிருந்த வெப்பேக் என்னும் கருவியின் அமைவுகளை மறைத்து வைத்தது. அவற்றுள் ஒன்றை மாற்ற விரும்பியவர், 'இஜெக்ட்' என்னும் மீளவியலாத கட்டளையால் அமைவு முழுவதையும் தம் திட்டத்துக்குள் பெயர்த்துக்கொண்டு, அதன்பின் பராமரிப்பையும் தாமே ஏற்க வேண்டியதாயிற்று. அதற்கு மனமில்லாதவர்களுக்காகக் கிராக்கோ போன்ற துணைக்கருவிகள் தோன்றின. மூலக் கருவியின் ஆசிரியர்கள் ஆதரவளிக்காத வழியில் அவை உள்ளமைப்பை மாற்றினமையால், புதிய பதிப்பு வருந்தோறும் முறியக்கூடியனவாகவே இருந்தன.