கோலார் தங்கவயல் கோல்ஃப் திடல்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் பிரிட்டிஷ் சுரங்க அதிகாரிகளின் பொழுதுபோக்குக்கென உருவான கே.ஜி.எஃப். கிளப்பைச் சார்ந்த விளையாட்டுத் திடல். இந்தியாவில் கோல்ஃப் 1829இல் கல்கத்தாவில் வேரூன்றியது. பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876இல் தோன்றியது. 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற பிரிட்டிஷ் சுரங்க நிறுவனம் தங்கவயலில் கால்பதித்தபின், பங்களாக்களும் தேவாலயங்களும் கிளப்பும் சூழ வளர்ந்த அதிகாரிகள் குடியிருப்பு ‘குட்டி இங்கிலாந்து’ எனப் பெயர்பெற்றது. மழை குறைந்த இவ்வூருக்குப் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியே நீர் தந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. இவ்வசதிகளுக்கெல்லாம் அடித்தளம், வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்து வரிசையாகக் கட்டப்பட்ட லைன் வீடுகளில் நெருங்கி வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு. திடலின் வரலாற்றில் அவர்களுக்குரிய இடம் இதுவரை போதிய அளவு பதிவாகவில்லை. சுரங்கங்கள் 1956இல் அரசுடைமையாயின. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன.